ரெண்டு கஷ்டத்தையும் ஒரே கணக்குல எழுதாத, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜை திரும்பத் திரும்ப கேட்டுட்டேன். "கிளாஸ் இப்ப பரவால்லக்கா, பசங்க சொன்னா கேக்குறாங்க, போர்ஷனும் ஓரளவு முடிஞ்சிடும், ஆனா எனக்கு இந்த வேலை செட் ஆகாதுன்னு தோணுது, வருஷம் முடிஞ்சதும் எழுதிக் குடுத்துட்டு கிளம்பிடலாம்னு இருக்கேன்"னு சொல்லியிருக்க. முதல் பாதிக்கும் ரெண்டாவது பாதிக்கும் சம்பந்தமே இல்லையேன்னுதான் எனக்கு முதல்ல பட்டுச்சு. கிளாஸ் நல்லா போகுதுன்னு சொல்ற ஆளு அதே மூச்சுல வேலை செட் ஆகலன்னு ஏன் சொல்லணும்? போன்ல இதைப் பேசினா பாதில நீ "சரிக்கா விடு"ன்னு கட் பண்ணிடுவ, அதான் எழுதுறேன். உன்னைப் போல நாட்டோட இந்தக் கோடில இருந்து அந்தக் கோடிக்குப் போய் டீச்சரா சேர்ந்தவங்க இன்னும் நிறைய பேர் இருப்பாங்க, அவங்களும் படிக்கட்டும்னுதான் எல்லாருக்கும் தெரியுற மாதிரி போடுறேன், உன்கிட்ட கேட்டுட்டுதானே.

நீ இந்த வருஷம் ரெண்டு காரியத்தை ஒரே நேரத்துல ஆரம்பிச்ச. ஒன்னு வேலை, இன்னொன்னு ஊரு. ரெண்டுமே புதுசு, ரெண்டுமே கஷ்டம், ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல கஷ்டம் குடுக்காது. இது புரியாமத்தான் நிறைய நல்ல டீச்சருங்க முதல் வருஷத்தோட போயிடுறாங்கன்னு நான் நம்புறேன்.

வேலையை முதல்ல எடுத்துக்குவோம். எலன் மோயர்னு ஒருத்தங்க, கலிஃபோர்னியாவுல புது டீச்சர்களுக்கு உதவுறதையே வேலையா வச்சிருந்தவங்க. முதல் வருஷ டீச்சர்களைப் பார்த்துப் பார்த்து 1990-ல ஒன்னு எழுதினாங்க, முதல் வருஷம் பெரும்பாலானவங்களுக்கு ஒரே மாதிரி கட்டங்களாத்தான் போகுதுன்னு. சேர்றதுக்கு முன்னாடி ஒரே ஆசை, ஆர்வம். சேர்ந்ததும் நாளைக்கு என்ன பாடம் நடத்துறதுன்னு இன்னைக்கு ராத்திரி உக்காந்து முழிக்கிற கட்டம். அப்படி ஒரு ஆறுல இருந்து எட்டு வாரம் ஓடினதும் மனசு விட்டுப்போகும், நாம இதுக்கு லாயக்கே இல்லையோன்னு தோணும், உடம்புக்கும் அடிக்கடி முடியாமப் போகும். ஒரு நல்ல லீவு வந்துட்டுப் போனதும் மெல்ல தெம்பு வரும். வருஷக் கடைசில, அடுத்த தடவை இதை எப்படி மாத்தி நடத்தலாம்னு மனசு தானா யோசிக்க ஆரம்பிச்சிடும். நீ அந்த நடுக்கட்டத்தைத் தாண்டிட்டடி. ரெண்டாவது மாசம் காய்ச்சலோட போய் நின்னியே, ஏழாம் கிளாஸ் பசங்க கத்துன கத்துல பக்கத்து கிளாஸ் சார் வந்து எட்டிப் பாத்தாருன்னு அழுதியே, அதுதான் அது. அது முடிஞ்சு போச்சு.

அப்புறம் ஏன் இன்னும் பாரமா இருக்கு? அங்கதான் ரெண்டாவது விஷயம் வருது.

ஸ்வெர்ரே லிஸ்கார்ட்னு நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருத்தர், அமெரிக்கா போய் தங்கிட்டு வந்த நார்வேக்காரங்க 200 பேரைப் பேட்டி எடுத்து 1955-ல ஒரு கட்டுரை எழுதினாரு. போன புதுசுல இருக்குறவங்க நல்லா இருக்காங்க, ரொம்ப நாள் தங்கினவங்களும் நல்லா இருக்காங்க, நடுவுல, கிட்டத்தட்ட ஆறு மாசத்துல இருந்து பதினெட்டு மாசம் வரைக்கும் தங்கினவங்கதான் அவ்வளவா ஒட்டாம இருக்காங்கன்னு பாத்தாரு. பின்னால வந்தவங்க இது எல்லாருக்கும் இப்படியே பொருந்தாதுன்னு சொல்லியிருக்காங்க, அதுவும் நியாயம்தான், அவங்க போனது வேற நாட்டுக்கு வேற. ஆனா பெரிய நாட்டுக்குள்ளயே ஒரு மூலைல இருந்து இன்னொரு மூலைக்குப் போனவங்ககிட்டயும் இதே சாயலை நான் நிறைய பாத்திருக்கேன். போன புதுசுல எல்லாம் வேடிக்கையா இருக்கும். வேடிக்கை தீர்ந்த பிறகுதான் ஊரு உறுத்த ஆரம்பிக்கும்.

இப்ப இது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. வேலையோட பள்ளம் முதல்ல வருது, சீக்கிரம் வருது. அதுல இருந்து நீ ஏறி வர்ற நேரத்துலதான் ஊரோட பள்ளம் ஆரம்பிக்குது. நீ என்ன நெனைக்குற? "கிளாஸ் சரியாயிடுச்சு, இருந்தும் எனக்கு சந்தோஷமா இல்ல, அப்ப இந்த வேலையே எனக்கு ஆகாதுபோல"ன்னு. ஊரு பண்ற வேலைக்கு பாவம் வாத்தியார் வேலை பழி சுமக்குது.

ஓபெர்க்னு ஒரு மானிடவியல் அறிஞர் 1960-ல கல்ச்சர் ஷாக் பத்தி எழுதினாரு, அவர் சொன்ன காரணம் எனக்கு ரொம்ப சரின்னு படும். தெரிஞ்ச இடத்துல எப்ப சிரிக்கணும், யார்கிட்ட எவ்வளவு பேசணும், ஒருத்தர் சரின்னு சொன்னா நிஜமாவே சரிதானா, இதெல்லாம் நாம யோசிக்காமலே பண்றோம், புது இடத்துல அந்த சின்னச் சின்ன அடையாளம் எல்லாம் ஒரேயடியா போயிடுது, அதனால வர்ற பதற்றம்தான் அதுன்னாரு. நீ சொன்னதையே யோசிச்சுப் பாரு. ஸ்டாஃப் ரூம்ல நீ உள்ள போனதும் பேச்சு நின்னுடுது, அது கோவமா, இல்ல அவங்க வழக்கமே அப்படியா, உன்னால சொல்ல முடியல. ஹெச்.எம். "பாக்கலாம்"னு சொன்னா அது ஆமாவா இல்லையான்னு தெரியல. நீ பேசுற ராகத்தைக் கேட்டு பசங்க சிரிக்கிறாங்க, பாசத்துல சிரிக்கிறாங்களா கிண்டலான்னு புரியல. உன்னை எல்லாரும் மிஸ்னுதான் கூப்பிடுறாங்க, வீட்டு ஓனர் உட்பட, உன் பேரைச் சுருக்கிக் கூப்பிட ஒரு ஆளு இல்ல. நாள் முழுக்க இப்படி ஒவ்வொன்னையும் மெனக்கெட்டு கண்டுபிடிச்சுக்கிட்டே இருந்தா சாயங்காலம் உடம்பு ஓஞ்சு போகாம என்ன பண்ணும்?

எது எதால வருதுன்னு பிரிக்கிறதுக்கு நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன், ஒரு நாள்ல எந்த நேரம் உனக்கு ரொம்ப கனமா இருக்கு? முதல் பெல்லுல இருந்து கடைசி பெல் வரைக்கும்னா வேலையைப் பத்தி யோசிக்கணும். நீயே பதில் சொல்லிட்ட, கவனிச்சியா தெரியல. "ஸ்கூல் விட்டு வந்து பூட்டைத் தொறக்கும்போதுதான்க்கா ஒரு மாதிரி ஆகுது, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அதைவிட மோசம்"னு சொன்ன. அந்த நேரத்துல கிளாஸே கிடையாதே!

கிளாஸ் எப்படி அடங்குச்சுன்னு நீ சாதாரணமா சொல்லிட்டுப் போன, எனக்கு அது சாதாரணமா தெரியல. போர்டுல எழுதும்போது முழுசா திரும்பாம பாதி உடம்பு பசங்க பக்கம் இருக்குற மாதிரி நின்னு எழுதுறேன்னு சொன்ன, மூணாவது பெஞ்சுல ஜாமெட்ரி பாக்ஸ் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்தாமலே நடந்து போய் அந்த பெஞ்சு பக்கத்துல நின்னுக்கிட்டே பாடத்தை நடத்துறேன்னு சொன்ன. ஜேக்கப் கூனின்னு ஒருத்தர் வகுப்புகளை வீடியோ எடுத்து ஆராய்ச்சி பண்ணி 1970-ல எழுதினது இதைத்தான். தப்பு நடந்த பிறகு டீச்சர் எப்படி திட்டுறாங்க, எப்படி தண்டிக்கிறாங்கன்றதுல நல்லா நடக்குற கிளாஸுக்கும் நடக்காத கிளாஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, நடக்குறதுக்கு முன்னாடியே டீச்சருக்குத் தெரியுது, தெரியுதுன்னு பசங்களுக்கும் தெரியுது, அங்கதான் வித்தியாசம்னு கண்டுபிடிச்சாரு. இதை யாரும் உனக்கு சொல்லித் தரல, ஒரு வருஷத்துக்குள்ள நீயா புடிச்சுக்கிட்ட. வேலை செட் ஆகாத ஆளுக்கு இது வராதுடி.

அதோட கத்துறதையும் நிறுத்திட்ட, அதுக்கு உனக்கு தனியா ஒரு பாராட்டு. அமெரிக்காவுல ரெண்டு மாகாணத்துல எடுத்து 2004-ல வெளியிட்ட ஆய்வுல, வாழ்நாள்ல எப்பவாவது குரல் பிரச்சனை வந்தவங்க டீச்சர்கள்ல 57.7 சதவீதம், மத்தவங்கள்ல 28.8. தொண்டையைப் பாத்துக்கோ.

இன்னும் ஒன்னு மட்டும் கிளாஸ்ல மாத்திப் பாரு, கேள்வி கேட்டுட்டு காத்திரு. மேரி பட் ரோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1970கள்ல கவனிச்சது, டீச்சருங்க ஒரு கேள்வி கேட்டா சராசரியா ஒரு செகண்ட்கூட காத்திருக்குறதில்ல, அதுக்குள்ள அடுத்த ஆளைக் கேக்குறாங்க இல்ல தானே பதிலைச் சொல்லிடுறாங்க. அதையே மூணு செகண்ட் ஆக்கினா பசங்க நீளமா பதில் சொல்றாங்க, தெரியாதுன்னு சொல்றது குறையுது, வாயே தொறக்காத பசங்ககூட பேசுறாங்க. பையன் சொல்லி முடிச்ச பிறகும் அதே மாதிரி காத்திருக்கணும். உனக்கு இது மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு முக்கியம், ஏன்னா உன் பேச்சு அவங்க காதுக்குப் புதுசு, அவங்க பேச்சு உன் காதுக்குப் புதுசு. ரெண்டுல ஒரு பங்கு பெருசா மூணுல ஒரு பங்கு பெருசான்னு கேட்டதுக்கு ஒருத்தி "மூணுல ஒன்னு"ன்னு சொன்னா, நீ உடனே தப்புன்னு சொல்லிட்டு அடுத்த பொண்ணைக் கேட்டதா சொன்னியே, அங்க ஒரு மூணு செகண்ட் சும்மா நின்னிருந்தா அவ "ஏன்னா மூணு பெருசுல்ல மிஸ்"னு சொல்லியிருப்பா. அதைக் கேட்டாத்தான அந்தப் பாடத்தை எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு உனக்குத் தெரியும்.

இப்ப கரெக்‌ஷன் விஷயம், இதைத்தான் நான் ரொம்ப சொல்லணும்னு இருந்தேன். தினமும் நோட்டுக்கட்டை வீட்டுக்குத் தூக்கிட்டு வர்ற, ஒவ்வொரு வரிக்கும் சிவப்புல எழுதுற, பதினோரு மணி ஆயிடுது. டான் லார்ட்டின்னு ஒரு சமூகவியலாளர் 1975-ல கணக்குப் போட்டாரு, ஒரு பிள்ளை ஸ்கூல் முடிக்கிறதுக்குள்ள டீச்சர் பக்கத்துலயே 13,000 மணி நேரம் இருக்குதாம். அதனாலதான் இந்த வேலை நமக்கு நல்லா தெரிஞ்ச மாதிரி இருக்கு. ஆனா பெஞ்சுல உக்காந்து பாத்தது நடத்துறதை மட்டும்தான், டீச்சர் ராத்திரி என்ன பண்ணுவாங்கன்னு எந்தப் பிள்ளையும் பாத்ததில்ல, எங்க நிறுத்தணும்னும் பாத்ததில்ல. நீ நிறுத்தப் பழகணும். ஒரு நாளைக்கு ஒரு விஷயத்தை மட்டும் பாரு, இன்னைக்கு ஸ்டெப்பு எழுதியிருக்காங்களான்னு மட்டும். இல்லன்னா பத்து நோட்டை எடுத்துப் பாரு, பெரும்பாலும் எல்லாரும் ஒரே இடத்துலதான் வழுக்கியிருப்பாங்க, அதை மறுநாள் போர்டுல போட்டு எல்லாருக்கும் சேத்து திருப்பி நடத்திடு. நோட்டுல எழுதுறதைவிட அது பசங்களுக்கு நல்லா ஏறும். மிச்சத்தை ஃப்ரீ பீரியட்ல முடி, வீட்டுக்கு எடுத்துட்டு வராத.

ஏன்னா அந்த சாயங்காலம் உனக்கு வேணும். அந்த ஊர் உனக்குப் பழகுறதுக்கு இருக்குற நேரமே அதுதான், அதையும் நோட்டுக்குக் குடுத்துட்டா வருஷம் முழுக்க நீ ஸ்கூலுக்கும் ரூமுக்கும் நடுவுல இருக்குற ரோட்டை மட்டும்தான் பாத்திருப்ப. வாரத்துல ஏதாவது ஒரு சாயங்காலம், ஒரே நேரம், ஒரே இடம்னு வச்சுக்கிட்டுப் போ, லைப்ரரியோ, பாட்டு கிளாஸோ, ஷட்டில் ஆடுற கிரவுண்டோ எதுவா வேணா இருக்கட்டும். ஒரே நேரத்துல திரும்பத் திரும்ப போனாத்தான் அங்க வர்ற முகம் தெரிஞ்ச முகமாகும். டீச்சருங்க இல்லாத இடமா பாத்துக்கோ. அப்புறம் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லு, வெக்கப்படாத.

முடிவைப் பத்தி நான் கேக்குறது ஒன்னுதான். இப்ப எழுதிக் குடுக்காத. பெரிய லீவுக்கு வா, நல்லா தூங்கு, அப்புறம் பேசுவோம். அப்பவும் ஊருதான் ஒத்து வரலன்னா வேற ஊர்ல வேற ஸ்கூல் பாக்கலாம், அதுல ஒரு குறைச்சலும் இல்ல, நீ டீச்சராத்தான் இருப்ப. ரெண்டாவது வருஷமும் முடிஞ்சு, சாயங்காலம் எல்லாம் நல்லா இருந்தும் காலைல கிளாஸுக்குள்ள கால் வைக்கவே கனமா இருக்குன்னா அன்னைக்கு நானே சொல்றேன் விட்டுடுன்னு. அம்மாகிட்டயும் நானே பேசிக்கிறேன், அந்தக் கவலை உனக்கு வேணாம்.

பின்னத்துக்கு நீ கேட்ட வொர்க்‌ஷீட்டை ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்கேன். முதல் பக்கத்துல பேப்பரை மடிச்சுப் பாக்குறது மட்டும் இருக்கு, அதை முழுசா ஒரு பீரியட் பண்ண விடு, அவசரப்படுத்தாத. ரெண்டாவது பக்கம் கொஞ்சம் கஷ்டம், அதை அடுத்த வாரம் குடு. அந்த "மூணுல ஒன்னு" சொன்ன பொண்ணு என்ன சொன்னான்னு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா