செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

எங்கள் கைத்துப்பாக்கி விளையாட்டுச் சங்கத்தின் அன்பான அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

இந்த முறை அஞ்சலியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நாங்கள் எல்லோரும் மாஸ்ரர் என்றே அழைத்த எங்கள் மூத்த அங்கத்தவர் பெப்ரவரியில் காலமானார். இந்த மண்டபத்தில் இருக்கும் பாதிப் பேருக்கு, சுட்ட வெற்றுக் கோதை மீண்டும் துப்பாக்கி ரவையாக நிரப்பப் பழக்கியவர் அவர். அவருடைய பெயரில் இரண்டு கைத்துப்பாக்கிகள் பதிவில் இருந்தன. மகனிடம் உரிய அனுமதிப்பத்திரம் இருக்கிறது, பல வருடங்களாக எங்களோடு சுடுகிறார். ஆனாலும் தகப்பனின் துப்பாக்கிகள் அவருக்குப் போகவில்லை. 2022 ஒக்டோபர் 21 முதல் கனடாவில் சாதாரண அனுமதிப்பத்திரக்காரர் எவரும் கைத்துப்பாக்கியை வாங்கவோ கைமாற்றிப் பெறவோ முடியாது, தகப்பனிடமிருந்து முதுசமாக வந்தாலும்கூட. 2023 டிசெம்பர் 15 அன்று அது சி-21 என்ற துப்பாக்கிச் சட்டத்திலும் ஏறிவிட்டது. ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் சுடுபவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. எங்கள் விளையாட்டு ஒலிம்பிக்கில் இல்லை. ஆகவே இரண்டும் சட்டப்படி ஒப்படைக்கப்பட்டன.

ஆனால் ரவை நிரப்பும் கைப்பொறியான பிரஸ் துப்பாக்கி அல்லவே. மாஸ்ரரின் நீலநிற டில்லன் 550 பிரஸை அவருடைய மனைவி எங்கள் சங்கத்துக்கே தந்துவிட்டார். இப்போது அது பொருளாளரின் கராஜில் மேசையோடு பூட்டப்பட்டிருக்கிறது. கைபிடியின் குமிழ் அவருடைய உள்ளங்கை பட்டே தேய்ந்து பளபளக்கிறது. புதிதாக மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று நிர்வாகக் குழு ஒருமனதாக முடிவெடுத்தது. இந்த ஆண்டில் ஒருமனதாக எடுக்கப்பட்ட ஒரே முடிவும் அதுதான்.

அங்கத்தவர் எண்ணிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டைவிட இரண்டு பேர் குறைவு. சேர விரும்புபவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் எங்கள் துப்பாக்கியை எங்கள் கண் முன்னே, சுடுதளத்தில் வைத்துச் சுடலாம். சொந்தமாக ஒன்று வாங்க வழியில்லை. ஓடி நகர்ந்து, நேரத்தோடு போட்டியிட்டுச் சுடும் எங்கள் விளையாட்டின் சர்வதேச அமைப்பான ஐ.பி.எஸ்.சி.யின் போட்டிகளில் நிற்பதற்கு வேண்டிய பிளாக் பேட்ஜ் பயிற்சியை முடித்துவிட்டு, இரவல் துப்பாக்கியோடு எத்தனை நாளைக்கு நிற்பது? இளையவர்கள் இருவர் பிளாஸ்டிக் மணி சுடும் அக்‌ஷன் எயார் பக்கம் போயிருக்கிறார்கள். அதில் ஓட்டமும் உண்டு, நேரமும் உண்டு, புள்ளியும் உண்டு. அதுவும் நல்லதே.

புதிதாக வாங்க முடியாதபோது இருப்பதைக் கெடாமல் வைத்திருப்பதே வேலையாகிவிடுகிறது. ஆகவே இந்த ஆண்டின் பயிற்சி வகுப்புகள் எல்லாவற்றையும் இரண்டு விடயங்களுக்கே ஒதுக்கினோம்: துப்பாக்கியைப் போட்டிக்குப் பக்குவப்படுத்துவது, ரவை நிரப்புவது.

முதலாவதில் நடந்த ஒரு சங்கதியை விரிவாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன். எங்கள் உறுப்பினர் ஒருவரிடம் சி.இசட். ஷாடோ 2 இருக்கிறது. ஒன்றேகால் கிலோவுக்கு மேல் எடையுள்ள உருக்குத் துப்பாக்கி. புரொடக்‌ஷன் என்ற, அதிகம் மாற்றாத தொழிற்சாலைத் துப்பாக்கிகளுக்கான பிரிவில் சுடுபவர்களில் பலருடைய இடுப்பில் இதைத்தான் பார்க்கலாம். முதல் வெடிக்கு விசையை நீளமாக இழுக்க வேண்டும், அதன் பிறகு மிகவும் இலேசு. அந்த முதல் இழுப்பு பாரமாக இருக்கிறது என்று அவர் சுத்தியலின் ஸ்பிரிங்கை இலேசானதாக மாற்றினார். அடுத்த பயிற்சியில் பத்துக்கு ஒன்று வெடிக்கவில்லை. "டிக்" என்ற சத்தம் மட்டும்தான். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் பாரமானதாக மாற்றினார். அப்போதும் டிக். பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டார். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. துப்பாக்கிக்குச் செய்வினை என்பதைத் தவிர மற்ற எல்லாக் காரணங்களும் பேசப்பட்டன.

மாஸ்ரரின் மகன் ஒன்றும் பேசாமல் அந்த உறுப்பினருடைய ரவை ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தில் விரல் நுனியை ஓட்டினார். அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மயிரளவு வெளியே நின்றது. சுத்தியலின் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது, பற்றவைக்க மிச்சம் இல்லை. 550 பிரஸில் கைபிடியைக் கீழே இழுத்த பிறகு முன்னோக்கித் தள்ளும்போதுதான் பிரைமர் இருப்பிடத்தில் ஏறும். எல்லோரும் இழுப்பதில் பலத்தைக் காட்டுகிறோம், தள்ளுவதை மறந்துவிடுகிறோம். பிழை துப்பாக்கியில் இல்லை, நிரப்பிய கையில்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த இலேசான ஸ்பிரிங்கோடு எடை தொங்கவிட்டுப் பார்த்தபோது முதல் இழுப்பு அந்தப் போட்டிப் பிரிவின் கீழ் எல்லையான 2.27 கிலோவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அதோடு போயிருந்தால் அந்தப் பிரிவில் நிற்கவே விட்டிருக்க மாட்டார்கள். விசையைத் தொடுபவர்கள் தயவுசெய்து சங்கத்தின் எடைக்கருவியையும் தொடுங்கள்.

ரவை அடுக்கும் மகசின் விடயத்தில் ஒரு சின்னக் கணக்கு. மற்ற நாடுகளில் இந்தப் பிரிவில் 15 ரவை போடுவார்கள், எங்களுக்குச் சட்டம் 10 தான். போட்டியின் ஒரு சுற்றான ஸ்டேஜ், பெரியதென்றால், 32 ரவை வரை போகலாம். குழலின் பின்முனையான சேம்பரில் ஒன்று, மகசினில் பத்து, பிறகு பத்து, பிறகு பத்து: 31. அந்த ஒற்றை ரவைக்காக நாலாவது மகசினை இழுக்க வேண்டும். ஜூன் போட்டியில் மூன்று பேர் கடைசி இலக்கின் முன்னால் வெறும் துப்பாக்கியோடு நின்றதை நான் எண்ணினேன். மூன்றாவது ஆள் நான்.

இனி ரவை. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கராஜில் வகுப்பு நடந்தது. கோது, பிரைமர், வெடிமருந்து, பறந்து போகும் சன்னம் ஆகிய நாலும் சேர்ந்ததுதான் ரவை. சுட்டபின் விழும் பித்தளைக் கோதைப் பொறுக்கி, கழுவி, பழைய அளவுக்கு நெருக்கி, மற்ற மூன்றையும் புதிதாகச் சேர்க்கிறோம். அளவுகள் எல்லாம் கிரெயின் கணக்கு. ஒரு கிரெயின் 0.0648 கிராம். நகைத்தொழில் தெரிந்த எங்கள் அங்கத்தவர் இதைக் கேட்டதும் குன்றிமணிக் கணக்குக்கு மாற்றிவிட்டார்: ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின். நாங்கள் பாவிக்கும் 147 கிரெயின் சன்னம் ஒன்பதரைக் கிராம், அதாவது ஒரு பவுனுக்குச் சற்றுக் கூட. அன்றிலிருந்து தராசுப் பொறுப்பு அவரிடம்தான். பொன் நிறுத்துப் பழகிய கை மருந்திலும் ஏமாறாது.

எவ்வளவு மருந்து என்பதை இந்த அறிக்கையில் எழுதமாட்டேன், வட்ஸ்அப்பிலும் கேட்காதீர்கள். மருந்து உற்பத்தியாளரின் கையேட்டைப் பார்த்து, கீழ் அளவில் தொடங்கி, உங்கள் துப்பாக்கியில் படிப்படியாகச் சோதித்துத்தான் ஏற வேண்டும். நண்பனின் அளவு நண்பனின் குழலுக்கு. உதாரணம் சொல்கிறேன்: ஷாடோ 2 இன் குழலில் சேம்பருக்கு முன்னால் இடம் குறைவு. வேறு துப்பாக்கியில் ஒழுங்காக ஓடிய நீளமான ரவை இதில் சன்னம் முட்டி நின்றுவிடும். குழலைக் கழற்றி நிமிர்த்திப் பிடித்து ரவையைப் போட்டுப் பாருங்கள். "டொக்" என்று தானாக விழ வேண்டும், விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். முட்டுகிறதே என்று சன்னத்தை இன்னும் உள்ளே இறக்கினால் உள்ளிருக்கும் இடம் சுருங்கி அழுத்தம் ஏறும். அப்போது மருந்தளவை மறுபடி கீழேயிருந்து பார்க்க வேண்டும்.

அடுத்து எழுதப்போவது செயலாளருக்கு அழகல்ல, ஆனாலும் பதிவில் இருக்கட்டும். நவம்பரில் ஒரு மாலை, உள்ளக சுடுதளத்தில், என் துப்பாக்கி "பொட்" என்றது. உதைப்பு இல்லை, துப்பாக்கியின் நகரும் மேற்பகுதியான ஸ்லைட் அசையவில்லை. இப்படி அடைத்துக்கொண்டால் மகசினைத் தட்டு, ஸ்லைட்டை இழு, அடுத்ததைச் சுடு என்றுதான் எங்கள் கைகளைப் பழக்கி வைத்திருக்கிறோம். என் கையும் அதைத்தான் செய்தது. ஸ்லைட்டை இழுத்துவிட்டேன், விரல் விசைக்குப் போய்க்கொண்டிருந்தது. சுடுதள அதிகாரி "ஸ்டொப்!" என்று போட்ட சத்தத்தில் நின்றேன். குழலுக்குள் பாதி வழியில் சன்னம் இருந்தது. மருந்தே இல்லாத ரவை, பிரைமர் மட்டும் தள்ளியிருக்கிறது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வீங்கியிருக்கும், கையும் தப்பியிருக்குமோ தெரியாது. பித்தளைக் கம்பியால் தட்டி எடுத்தோம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ரவைகளை நிரப்பிய இரவில் யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை அழைத்தாள். கலியாண மண்டபம் எது என்று பேச்சு. எடை பார்க்க எடுத்த கோதின் மருந்தைத் தராசில் கொட்டினேன். வெறும் கோதை மருந்து விழும் இடத்தில் வைக்காமல் அடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். 550 இல் கோதுகள் நிற்கும் தட்டைக் கையால்தான் சுழற்ற வேண்டும். அதனால் மறந்து சுழற்றாமல் விட்டால் ஒரே கோதில் இரண்டு முறை மருந்து விழும் ஆபத்தும் உண்டு. அது இன்னும் மோசம். இனிச் சங்கத்தின் பிரஸுக்கு இரண்டு விதிகள். கைபிடி அசையும்போது கைப்பேசி வீட்டுக்குள் இருக்கும். சன்னத்தை வைப்பதற்கு முன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் கண் போக வேண்டும். அதற்காக மாஸ்ரரின் மகன் ஒரு சின்ன விளக்கைப் பிரஸின் மேல் பூட்டித் தந்திருக்கிறார். இரண்டு முறை விழுந்தால் கோதின் வாயால் வழியக்கூடிய, பருமன் கூடிய மருந்தையே சங்கம் இனி வாங்கும்.

செப்டெம்பர் இறுதியில் வெளியூரில் நடந்த பெரிய போட்டிக்கு எங்களில் ஐவர் போனார்கள். ரவையின் பலம் போதுமா என்று வேகம் அளக்கும் இடத்தில் ஒவ்வொருவரிடமும் எட்டு ரவைகள் வாங்குவார்கள். ஒரு சன்னத்தைப் பிடுங்கி நிறுப்பார்கள், மூன்றைச் சுட்டு வேகம் பார்ப்பார்கள். எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 125 வர வேண்டும். எங்களவர் ஒருவருடைய சன்னம் 147 கிரெயின், வேகம் நொடிக்கு 850 அடி. பெருக்கிப் பாருங்கள்: 124.95. அவர் கைப்பேசியில் பெருக்கிவிட்டு 125 என்றார். அதிகாரி புன்னகைத்தார். 124.999 வந்தாலும் 125 ஆகாது என்பதுதான் விதி. மேலும் மூன்றைச் சுட்டார்கள், மிஞ்சியிருந்த ரவையையும் சுட்டார்கள், ஏறவில்லை. அன்று முழுவதும் அவர் புள்ளி இல்லாமல் சுட்டார். ஜூலை வெயிலில் அளந்த மருந்து, செப்டெம்பர்க் காலைக் குளிரில் அதே வேகத்தைத் தரவில்லை. உதைப்புக் குறையட்டும் என்று விளிம்பில் நிற்பது இப்படித்தான் முடியும். அடுத்த ஆண்டு சங்கத்தின் சார்பில் போகும் எவரும் குளிர்நாளில் அளந்து 130 காட்ட வேண்டும் என்பது என் பரிந்துரை.

ஈயம் பற்றி ஒரே ஒரு பந்தி. பிரைமரின் புகையில் ஈயம் இருக்கிறது, கோதைத் தண்ணீரில்லாமல் துலக்கும் தூசியிலும் இருக்கிறது. சுட்ட கையோடு ரோல்ஸ் பெட்டியைத் திறப்பவர்களை இந்த ஆண்டும் பார்த்தேன். முதலில் குளிர்நீரும் சவர்க்காரமும், பிறகு ரோல்ஸ். கோதுகளை இனித் தண்ணீரில்தான் கழுவுவோம், தூசி பறக்காது.

ஓகஸ்ட் குடும்ப நாளுக்கு உறவினர்கள் வந்தார்கள். அங்கத்தவர் ஒருவரின் தாயார் மட்டும் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தார். 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நடந்து போனவர்களில் அவரும் ஒருவர். எங்கள் இலக்கு தலையில்லாத எண்கோண அட்டைதான் என்று மகன் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினார். பார்த்தார், தலையை ஆட்டினார், இறங்கவில்லை. எங்களில் பலருடைய வீடுகளில் இந்த விளையாட்டைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்பதை நான் அறிவேன். அடுத்த குடும்ப நாளை வெடிச் சத்தம் எட்டாத பூங்காவில் வைக்க நிர்வாகக் குழு இணங்கியிருக்கிறது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பிரைமர் விலையைக் கேட்டு யாரும் அவரைக் கோபிக்க வேண்டாம்.

ஐ.பி.எஸ்.சி. 1976 மே மாதம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் தொடங்கியது. 2026 மே மாதத்தில் 50 ஆண்டு நிறைகிறது. அந்த மாதப் போட்டியை மாஸ்ரரின் நினைவாக நடத்துவதென்றும், அன்று எல்லோரும் அவருடைய பிரஸில் நிரப்பிய ரவைகளையே சுடுவதென்றும் ஒரு யோசனை வந்திருக்கிறது. பேருக்கு நூறு என்று வைத்தாலும் மார்ச்சிலேயே தொடங்க வேண்டும். கராஜுக்கு வரக்கூடிய நாட்களை இன்றே எழுதித் தாருங்கள்.

கடைசியாக, பிரஸோடு வந்த 9 மில்லிமீற்றர் ரவை அளவுக் கேஜ் ஜூலையிலிருந்து காணவில்லை. வெள்ளி நிறம், பெருவிரல் அளவு, பக்கவாட்டில் மாஸ்ரர் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருக்கிறார். எடுத்தவர் யார் என்று கேட்கமாட்டேன். கூட்டம் முடிந்து போகும்போது தேநீர் மேசையில் வைத்துவிட்டுப் போனால் போதும்.

செயலாளர்