செயலாளர் ஆண்டறிக்கை – உதகை உள்ளரங்கம்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வழக்கம்போல் தபாலில் போகும்.

சுதந்திர தினக் கொடியேற்றம், ஆயுத பூஜை, பிள்ளைகளுக்கான கோடைப் பயிற்சி மூன்றும் குறைவின்றி நடந்தன. கேரம் போட்டி அரையிறுதியோடு நின்றது. பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை.

இந்த ஆண்டுச் செலவில் பெரும்பகுதி தளத்துக்கும் கூரைக்கும் போனது. "போட்டி நடத்தச் சொன்னால் தரையைப் பெயர்க்கிறார்கள்" என்ற பேச்சு காதில் விழுந்ததால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொல்கத்தா நேதாஜி உள்ளரங்கம் 1975 உலக மேசைப்பந்துப் போட்டிக்காக எழுந்தது. டெல்லியில் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டினார்கள். நம்முடையதை யாரும் எந்தப் போட்டிக்காகவும் கட்டவில்லை. மழைக்குப் பயந்து கட்டினார்கள். முதலில் இருந்தது திறந்தவெளிப் பூப்பந்துத் தளம், 24 மீட்டருக்கு 12 மீட்டர். கம்பளிப் பந்து தஞ்சாவூர் வெயிலுக்குப் பிறந்தது. 27 முதல் 30 கிராம் எடையுள்ள பந்து இங்கே பனியில் ஊறினால் மட்டையிலிருந்து எழும்பாது. அதனால் தளத்தைச் சுற்றி இரண்டிரண்டு மீட்டர் விட்டுச் சுவர் எழுப்பி, மேலே தகரம் போட்டார்கள். பிறகு இறகுப் பந்தால் ஆடும் ஷட்டில் வந்தது. 13.40 மீட்டர் நீள கோர்ட் இரண்டைக் குறுக்கே போட்டதில் பின்கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே 1.3 மீட்டர்தான் மிஞ்சியது. பின்னால் ஓடுகிறவர் தோள் சுவரில் இடிப்பது அதனால்தான், ஆட்டத் தவறால் அல்ல.

ஸ்நூக்கர் விதிகளை 1882-இல் எழுதி மாட்டியது இதே ஊரின் ஊட்டி கிளப்பில்தான். அந்த ஆட்டம் உருவான ஜபல்பூர் சேதியையும் சேர்த்து வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறோம். படித்துவிட்டு உள்ளே வரலாம்.

இனி கூரை. ஆட்டத்தின் நடுவே சொட்டும் தண்ணீரை எல்லோரும் ஒழுகல் என்றே நினைத்தோம். ஆணி வாஷர்களை இரண்டு முறை மாற்றினோம், எம்-சீல் வைத்தோம். மழையே இல்லாத ஜனவரி இரவிலும் சொட்டியது. ஆடுகிறவர்களின் மூச்சும் வியர்வையும் மேலே ஏறி, பனியில் சில்லிட்ட தகரத்தில் பட்டு நீராகிறது. தகரம் சாய்வதால் வழிந்து, இரும்புச் சட்டம் குறுக்கிடும் இடத்தில் வரிசையாகச் சொட்டுகிறது. தரையில் ஈரம் நேர்கோட்டில் இருந்தால் அது பனிநீர், ஒரே இடத்தில் வட்டமாக இருந்தால் ஒழுகல். இப்போது தகரத்துக்கு அடியில் வெள்ளி நிறக் குமிழ்த்தாள் ஒட்டி, முகட்டில் ஈரக்காற்று வெளியேறக் காற்றுவாரி வைத்திருக்கிறோம். தாளின் இணைப்பில் டேப் பிரிந்தால் அங்கே மறுபடி சொட்டும். பார்த்தவர் சொல்ல வேண்டும்.

தளம் இதைவிட மோசம். பலகைகளைச் சுவரோடு இறுக்கி அடித்திருந்தார்கள். தென்மேற்குப் பருவத்தில் மரம் ஓதம் குடித்து விரியும்போது போக இடமில்லாமல் நடுவில் மேடு தட்டியது. அடியில் பலகையைத் தாங்கிய ரீப்பர் கட்டை கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். காயக் காய முறுக்கிக்கொள்ளும். போதாக்குறைக்கு, எலி வருகிறதென்று யாரோ நல்லெண்ணத்தில் அடித்தளக் காற்றுத்துளைகளை சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். கீழே தேங்கிய ஈரம் பலகையின் அடிப்பக்கத்தை மட்டும் உப்ப வைத்ததில் ஓரங்கள் தூக்கி, ஒவ்வொரு பலகையும் கிண்ணம்போல் குழிந்தது. ரீப்பரை மாற்றினோம். துளைகளைத் திறந்து கம்பிவலை அடித்தோம். நான்கு சுவரோரமும் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஓரப்பட்டையைப் பலகையில் அடிக்காமல் சுவரில் அடித்தோம். இதில் ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்த ஆடியில் பழைய கதைதான்.

தளத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம் என்று எழுதி ஒட்டியிருந்தும், விசேஷத்துக்கு வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டார் வாளி வாளியாக ஃபினாயில் ஊற்றிக் கழுவினார்கள். அதற்குப் பிறகு வாடகைக்கு விடுவதில்லை. அந்த வருமானம் போனதும் உண்மை.

ஷட்டில் செலவைப் பற்றியும் கேட்டார்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கீழ்நாட்டைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றின் தடை குறைவதால், கீழே இருந்து 77 எண் ஷட்டில் (எண் ஏற ஏற வேகம் கூடும்) வாங்கி வந்தால் கோட்டைத் தாண்டியே விழும். 75 வாங்குங்கள். வேகம் சரியா என்று பார்க்க, பின்கோட்டிலிருந்து கீழ்க்கையால் முழு வீச்சில் அடித்தால், எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும். 77 மட்டுமே கையில் இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு இறகின் நுனியை வெளிப்புறம் மடக்கி ஓட்டலாம். பனிக்காலத்தில் இறகு காய்ந்து ஒடியும். முதல் நாள் இரவே ஷட்டில் டப்பாவைத் திறந்து கொதிநீர் ஆவியில் ஒரு நிமிடம் காட்டினால் போதும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, கடன் இல்லை, கையிருப்பும் பெரிதாக இல்லை. சந்தா பாக்கிப் பட்டியலைப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்று செயற்குழு சொல்லிவிட்டது. ஒட்டவில்லை. வாரம் நான்கு மாலை தவறாமல் ஆட வருகிற கையெழுத்துகளை வருகைப் பதிவேட்டிலும், அதே பெயர்களைப் பாக்கிப் பதிவேட்டிலும் பார்க்கிறபோது மனது கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தச்சருக்கும், இரவுக் காவலருக்கும், குமிழ்த்தாள் ஒட்டும்போது ஏணி பிடித்த இளைஞர்களுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு விளக்குகளைக் கோர்ட்டின் தலைக்கு மேலிருந்து எடுத்துப் பக்கவாட்டுக்கு மாற்ற வேண்டும். உயரப் பந்தைப் பார்க்கிறவர் கண் கூசுகிறது. பணம் இருந்தால் செய்யலாம். அதைவிட அவசரம், பனிமூட்டம் விலகிய பிறகு ஜன்னலைத் திறந்து, நாலு மணிக்கு முன் மூட ஓர் ஆள். இதுவரை அந்த வேலையும் செயலாளர் கணக்கிலேயே இருக்கிறது. சாவி மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எடுத்துக்கொள்ள யாரிடமும் கேட்க வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் டீயும் வர்க்கியும் உண்டு. ரசீதுப் புத்தகம் டீ மேசையிலேயே இருக்கும்.