முகமாலையில மிதிவெடி எடுத்த அந்த அக்காவுக்கு

பேர் கேக்காமலே வந்திட்டன், அது இண்டைக்கும் மனசுக்குள்ள கிடந்து உறுத்துது. கிளிநொச்சி மாவட்டத்து முகமாலையில எங்கட காணியைப் பார்க்கப் போன அண்டைக்கு சிவப்பு மண்டையோட்டு போர்ட்டைக் கவனிக்காம என்ர சின்னவன் பத்தைக்குள்ள ஓடிட்டான், நான் கத்த முதலே நீங்கள் தூரத்தில நிண்டு "தம்பி அசையாத, அப்பிடியே நில்லு" எண்டு சொன்னீங்கள், குரலில ஒரு பதட்டமும் இல்லை, பிறகு அடி அடியா வழியை செக் பண்ணிப் பண்ணி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்து தந்தீங்கள்.

2009 மே மாதம் சண்டை முடிஞ்சுது, மண்ணுக்குள்ள முடியேல்ல. மிதிவெடி எண்டால் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் சாமான், இரும்பு கொஞ்சம்தான் இருக்கும், அதால டிடெக்டரும் சில நேரம் பிடிக்காது, முழங்காலில இருந்து குட்டி வாரியால மண்ணைச் சுரண்டிச் சுரண்டித்தான் தேடோணும் எண்டு நீங்கள்தான் விளங்கப்படுத்தினீங்கள். இலங்கை மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில சேர்ந்ததே 2017 டிசம்பரிலதான். அதுக்கு எத்தினையோ வருசம் முதலே மனுசனை இழந்து பிள்ளையளைத் தனிய வளக்கிற பொம்பிளையள் அந்த வெயிலுக்க குந்தி இருந்து இந்த வேலையைச் செய்துகொண்டு இருந்தவை, இதை ஆரும் பெரிசாக் கதைக்கிறேல்ல எண்டது எனக்குச் சரியான கவலை.

முகமூடிக் கண்ணாடிக்குள்ளால வேர்வை வடிஞ்ச உங்கட முகம் மட்டும்தான் ஞாபகம். சின்னவன் இப்ப அந்தக் காணியில தென்னம்பிள்ளை வைச்சிருக்கிறான். நன்றி அக்கா.