என் வேலைக்கு என்ன விலை?

மாப்ள,

நான் நலம். எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, போனிலும் "அப்புறம் பேசுறேன்" என்றே ஓட்டிவிட்டேன். திட்டுவதை எல்லாம் லீவில் வரும்போது நேரில் திட்டிக்கொள். உன் தங்கச்சி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். பெரியவன் ஐந்தாவது போகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்குக் கைக்கட்டு பிரித்தாயிற்று, தோட்டத்துக்கும் போய் வருகிறார். அவர் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. மார்ச்சில் நீ ராணுவத்திலிருந்து டிஸ்சார்ஜ் ஆனதும், ஏப்ரல் முதல் வாரமே பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லில் செக்யூரிட்டியாக கேட் வேலைக்கு வருகிறேன் என்று உன் மாமாவிடம் சரி சொல்லிவிட்டாயாமே? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

கேட் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் பத்து வருஷமாக அதைத்தான் கௌரவமாகச் செய்து பெண்ணைக் கட்டிக் கொடுத்தார். ஆனால் நானும் அதே அவசரத்தில்தான் போனேன். 17 வருஷம் ராணுவத்தில் விசில் சத்தத்துக்கு எழுந்தவனுக்கு வீட்டில் சும்மா உட்காரத் தெரியவில்லை. வருகிற ஒறம்பரை, சொந்தக்காரர் எல்லாம் "அடுத்து என்னங்க?" என்றே கேட்டார்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கேட்டில் ஐந்து மாதம் நின்றேன்.

ஒருநாள் சாயங்காலம் சரக்கு ஏற்றிய லாரி ஒன்று கேட்டிலேயே நின்றுபோனது. டிரைவர் செல்ஃப் அடிக்கிறான், அடிக்கிறான், பிடிக்கவில்லை. டீசல் லைனில் காற்று ஏறியிருக்கிறது என்று சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை நாலு அடி அடித்தால் முடிந்தது. கை வைக்கப் போனேன். "உன் வேலை கேட், அதைப் பாரு" என்றார் மேனேஜர். அவர் மேல் கோபமில்லை, அவர் சொன்னது சரிதான். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை மாப்ள. செகந்திராபாத்தில் பயிற்சி கொடுத்த உஸ்தாத் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த மெக்கானிக் வேலை, லடாக்கில் லே குளிரில் இன்ஜின் ஆயில் சம்புக்குக் கீழே சூடு காட்டிக் கிளப்பிய ஸ்டாலியன் ராணுவ லாரிகள், எல்லாம் எதற்கு என்று இருந்தது.

மறு மாதம் வேலையை விட்டு நின்றுவிட்டேன். இப்போது திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை எடுத்துப் பட்டறை போட்டிருக்கிறேன். இங்கே போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்குப் பஞ்சமா? மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் வரை போய்த் துளை போட்டுவிட்டு வருகிறவை. ரிக் வண்டியும் லேலண்ட்தான், நம் ஸ்டாலியனும் லேலண்ட்தான்.

முதலில் வந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரும்புகை, இழுவை இல்லை. வேறு இரண்டு இடத்தில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். நான் ஏர் ஃபில்டருக்கும், இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவுக்கும் நடுவே வரும் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். மாவு மாதிரித் தூசி. ஃபில்டர் தாண்டித் தூசி வருகிறதென்றால் வழியில் எங்கோ ஓட்டை என்றுதானே அர்த்தம்? அடிப்பக்கம், கிளாம்ப் கடித்த இடத்தில் அரை விரல் நீளத்துக்கு வெடிப்பு, இன்ஜின் காற்றை இழுக்கும்போது ஹோஸ் அங்கே உள்வாங்கிக் காற்றை அடைத்துக்கொண்டிருந்தது. ஹோஸ் மாற்றினேன், கிளாம்ப் மாற்றினேன், வண்டி சரியாகிவிட்டது.

ஓனர் கேட்டார், "எவ்வளவு ஆச்சுங்க?"

எனக்கு வாய் வரவில்லை. 17 வருஷத்தில் யாராவது அந்தக் கேள்வியை நம்மிடம் கேட்டிருக்கிறார்களா? வண்டி ஓடினால் "ஷாபாஷ்", ஓடாவிட்டால் திட்டு, ஒன்றாம் தேதி சம்பளம். "ஹோஸ் காசு மட்டும் கொடுங்க" என்றேன். அவர் என் சட்டைப் பையில் இரண்டாயிரத்தைத் திணித்துவிட்டு, "சும்மா செஞ்சு குடுத்தா வேலை தெரியாதவன்னு நெனச்சுக்குவாங்க" என்று சொல்லிப் போனார். அதன்பிறகு எத்தனை ராத்திரி நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலைக்கும் கூலி எழுதி எழுதி அடித்திருக்கிறேன் தெரியுமா? இன்றும் தொகையைச் சொல்லும்போது குரல் தணிகிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு இதைத்தான் சொல்ல வருகிறேன். ராணுவத் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் ஃபைபர் கேபிளின் கண்ணாடி இழையை ஒட்டுகிற கை உன்னுடையது. இன்று கோபி, அந்தியூர் கிராமம் வரைக்கும் ஃபைபர் வந்துவிட்டது. கேபிள் அறுந்தால் ஒட்டத் தெரிந்த ஆளுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். அந்தக் கைக்கு ஒரு விலை இருக்கிறது, நீ கேட்டுப் பார்க்கவே இல்லை.

மார்ச்சுக்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய். வெளி வேலைக்குத் தயார்படுத்தும் ரீசெட்டில்மென்ட் கோர்ஸ் ஏதாவது இன்னும் கிடைக்குமா என்று யூனிட் ஆபீஸில் கேள், சர்வீஸில் இருக்கும்போது போனால் சம்பளத்தோடு படிக்கலாம். நீ பார்த்த தொழிலைச் சொல்லும் டிரேடு சான்றிதழில் எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே திருத்து, வெளியே வந்துவிட்டால் அலைச்சல்தான். வந்ததும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்துகொள். வங்கி கிளார்க் வேலைக்கு நமக்கு 14.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, பத்தாவது படித்து, ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றிதழும் வாங்கி, 15 வருஷம் சர்வீஸ் முடித்தவன் டிகிரி இல்லாமலே எழுதலாம். படிக்க மனமிருந்தால் அதையும் பார். சொந்தத் தொழில் என்றால் முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்தில் ஒரு கோடி வரை கடன், 30 சதவீதம் மானியம். ஒரு கோடி என்றதும் மலைத்துவிடாதே, தேவைக்கு மட்டும் வாங்கு.

இன்னொன்று, பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே வாங்கும் கம்யூட் பணம் மொத்தமாகக் கைக்கு வரும். வந்த வாரமே சைட்டு, சீட்டு, கைமாற்று என்று ஆள் வரும். கம்யூட் பண்ணின பகுதி 15 வருஷம் கழித்துத்தான் பென்ஷனில் திரும்பச் சேரும். மூன்று மாதம் அதில் கை வைக்காதே. உன் பெரிய மச்சான் கேட்டாலும் சரி. அவர் கேட்பார், உனக்கே தெரியும்.

மாமாவிடம் நானே பேசட்டுமா? இரண்டு மாதம் பொறுங்கள் என்று சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார். பொங்கல் லீவு கிடைத்தால் நேராக இங்கே இறங்கு. பட்டறையில் ஒரு மூலை காலியாகத்தான் கிடக்கிறது, இழை ஒட்டும் உன் ஸ்ப்ளைசிங் மெஷினுக்கு ஒரு மேஜை போட இடம் போதும். நான் அளந்து பார்த்துவிட்டேன்.

உன் மச்சான்