வால் பிள்ளைகள்

பட்டர்வொர்த், பினாங்கு

அன்புள்ள தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அவருக்கு முழங்கால் வலி குறைந்து, மாலையில் நடக்கப் போகிறார். மகளுக்குப் பிறைத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் உங்கள் வீட்டில் அனைவரும் சுகம்தானே?

ஞாயிறு பள்ளியில் வால் பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். எங்கள் சபை மூப்பர் ஒருவரிடம் அதற்குச் சுலபமான வழி இருக்கிறது: "மேசைமேல் ஒரு ரோத்தானை, அதாவது பிரம்பை, வைத்தால் போதும், அடிக்கவே வேண்டாம்." சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டேன். பயந்த பிள்ளை வசனத்தை ஒப்பிக்கும், அவ்வளவுதான்.

1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கிய காலத்தில், வாரம் முழுவதும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள்தான் ஒழிவு. நம் பிள்ளைகளுக்கும் ஐந்து நாள் பள்ளி, சனிக்கிழமை டியூஷன். ஞாயிறும் நாற்காலியில் உட்கார வைத்தால் காலை ஆட்டாமல் என்ன செய்வார்கள்?

நான் பார்த்தவரை, கலாட்டா முளைப்பது வெறும் நேரத்தில்தான். பெற்றோர் கார் நிறுத்த இடம் தேடி, வாசலில் நின்று பேசி, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். முதலில் வருபவனின் கை சும்மா இருக்கக் கூடாதென்று களிமண்ணும் வண்ணப் பென்சிலும் முன்பே எடுத்து வைத்துவிடுவேன். எரிகோ நகரைச் சுற்றி நடந்து, ஆர்ப்பரித்து, மதில் விழுந்த வேதாகமக் கதை என்றால் எல்லோரும் எழுந்து அறையைச் சுற்றி நடக்க வேண்டும். கடைசிச் சுற்றில் கத்துவதற்கு வேதத்திலேயே அனுமதி இருக்கிறது! பக்கத்து அறைப் பாடகர் குழுவுக்குத்தான் கொஞ்சம் சங்கடம்.

சுவரில் பெயர் வாரியாக நட்சத்திரம் ஒட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. யாருக்குக் குறைவு என்றுதான் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். "தங்கைக்கு இடம் விட்டாயே, பார்த்தேன்" என்று காதோடு சொன்னால் போதும். அடிதடி என்றால் மட்டும் விடமாட்டேன்; தனியே அழைத்துப் பேசுவேன், கதவு திறந்திருக்கும், துணை ஆசிரியையும் பார்வையில் இருப்பார்.

எட்டு வயதுப் பையன் ஒருவன். நாற்காலியை உதைப்பான், முன்னால் இருப்பவளின் பின்னலை இழுப்பான். காணிக்கைப் பையை அவன் பொறுப்பில் விட்டேன். இப்போது ஒவ்வொரு நாணயத்துக்கும் பெரிய மனிதரைப் போலத் தலையசைத்து நன்றி சொல்கிறான். உதைப்பது நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. ஒருநாள் அவன் அம்மாவை வாசலில் கூப்பிட்டேன். கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு, "மறுபடியும் என்ன செய்தான், டீச்சர்?" என்றார். "சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் செருப்பு மாட்டிவிட்டான்" என்றேன். அவர் என்னை நம்பாமல் மகனைப் பார்த்தார். அவன் அதற்குள் தூணுக்குப் பின்னால் போய்விட்டான்.

எனக்குப் பிடிபடாதவர்கள் பதின்ம வயதினர்தான். உங்கள் இளையோர் வகுப்பில் கைப்பேசிகளை என்ன செய்கிறீர்கள்? கூடையில் போடச் சொன்னால் பெற்றோர் ஒத்துக்கொள்கிறார்களா? விடுமுறைக்கு வரும்முன் இதற்குப் பதில் எழுது. பழைய மேய்ப்பர் உடுப்புகள் இருந்தால் கையோடு கொண்டு வா, கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய தோழி