ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் அன்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை இங்கிலாந்தில் உள்ள நம் தமிழ்ச் சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். சித்திரைப் புத்தாண்டும் பொங்கலும் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவும் வழக்கம்போல நன்றாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய ஒன்றைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அக்கம்பக்கத்து ஆங்கிலேயக் குடும்பங்களை வருடா வருடம் பொங்கலுக்கு அழைக்கிறோம். அவர்களும் வந்து, வடை பாயசம் சாப்பிட்டு, கோலம் போட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய விசேஷங்களுக்கு நாம் சங்கமாகப் போனதே இல்லை. சென்ற பொதுக்குழுவில் ஓர் அக்கா எழுந்து இதைக் கேட்டார். இனி நாமும் போவதென்று அன்றே தீர்மானம் போட்டோம். தமிழ்ச் சங்கத்துக்கு இதெல்லாம் எதற்கு என்றவர்களும் உண்டு. விருந்து வைத்தவர்கள் மறுவிருந்துக்குப் போவதுதானே நம் வழக்கம்?

தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. ஐந்தே நாளில், நவம்பர் 5 அன்று, தீ மூட்டிக் கொண்டாடும் பான்ஃபயர் நைட். 1605-இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்டதன் நினைவு அது. எங்கள் முறுக்கும் அவர்கள் தீயில் சுட்ட உருளைக்கிழங்கும் கைமாறின. இங்கிலாந்தில் இரவு 11 மணிக்கு மேல் பட்டாசு வெடிக்கக் கூடாது. நவம்பர் 5 அன்று மட்டும் நள்ளிரவு வரை வெடிக்கலாம். தீபாவளிக்கோ சட்டம் 1 மணி வரை விடுகிறது. நம்மில் பலருக்கே இது புதுச் செய்தி.

நவம்பர் 10, போரில் இறந்தவர்களை நினைக்கும் ஞாயிறு. நினைவின் அடையாளமான சிவப்புப் பாப்பிப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு நினைவுத் தூண் முன் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம், முதல் முறையாகச் சங்கத்தின் பெயரில் மலர் வளையம் வைத்தோம். முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். நம் பிள்ளைகள் அங்கே நிற்க வேண்டியது அவசியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அப்புறம் நவம்பர் 24, ஸ்டிர்-அப் சண்டே. கிறிஸ்துமஸ் அன்று சாப்பிடும் புட்டிங் என்ற இனிப்புக்குக் கலவை கூட்டும் நாள். தேவாலயக் கூடத்தில் உலர்திராட்சை, ரொட்டித் தூள், பழுப்புச் சர்க்கரை, பட்டை, ஜாதிக்காய் எல்லாம் போட்டுக் கிண்டினோம். களி போல இறுகிவிடும், கை கடுத்துப் போகும். கிழக்கிலிருந்து மேற்காகத்தான் கிண்ட வேண்டுமாம். குழந்தை இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளின் நினைவாக. ஆளுக்கு ஒரு சுற்று, மனசுக்குள் ஒரு வேண்டுதல். அதை வெளியே சொல்லக் கூடாது. வழக்கமாக இதில் மாட்டுக் கொழுப்பும் முட்டையும் சேரும். நாம் கேட்காமலேயே சைவக்காரர்களுக்கென்று தாவரக் கொழுப்பு வாங்கி, முட்டை இல்லாமல் தனிப் பாத்திரம் வைத்திருந்தார்கள். 1980-இல் செல்லாமல் போன ஆறு பென்ஸ் காசு ஒன்றை, தன் அம்மா கொடுத்தது என்று சொல்லி, ஒரு பாட்டி நம் வீட்டுச் சின்னப் பெண்ணின் கையில் கொடுத்துக் கலவைக்குள் போடச் சொன்னார்; அது யார் பங்கில் வருகிறதோ அவர்களுக்கு அதிர்ஷ்டமாம். புட்டிங் மணிக்கணக்கில் ஆவியில் வேக வேண்டும். அங்கே இருந்த பாத்திரங்கள் போதவில்லை. சங்கத்து இட்லிப் பானைகள் இரண்டும் அன்று முழுக்க அடுப்பில் இருந்தன.

கிறிஸ்துமஸ் அன்று இங்கே ரயில் ஓடாது, கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். படிக்க வந்த பிள்ளைகள் அறையில் தனியாகக் கிடப்பார்கள். இந்த முறை புட்டிங் கிண்டிய வீடுகளே அவர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டன. இருவர் இழுத்தால் பட்டென்று வெடிக்கும் கிறிஸ்துமஸ் காகிதக் குழலை இழுத்து, அதிலிருந்த காகிதக் கிரீடம் சூடிக்கொண்ட படங்களைப் பிள்ளைகள் ஊருக்கு அனுப்பினார்கள். ஓர் அம்மா எனக்கே போன் செய்து நன்றி சொன்னார்.

மார்ச் 4, பான்கேக் நாள். கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முந்தைய நாளில் தோசை போன்ற பான்கேக் சுடுவார்கள். பக்கத்து ஊரான ஓல்னிக்குப் போனோம். 1445-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஓட்டம். ஏப்ரன் கட்டி, தலையில் துணி முடிந்து, வாணலியும் கையுமாக 415 கஜம் ஓட வேண்டும். அவ்வூர்ப் பெண்கள் மட்டுமே ஓடலாம் என்பதால் நாங்கள் ஓரத்தில் நின்று கை தட்டினோம்.

கோடைக்கால கிரிக்கெட் மழையில் நின்றுபோனது. ஜனவரி 25-இல், ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸைக் கொண்டாடும் பர்ன்ஸ் நைட் வைக்கக் கூடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுக்கு இப்போதே கேட்டிருக்கிறோம்.

வரும் நவம்பரில் புட்டிங் கலக்க நம் கூடத்தையே தரலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. அதற்கு உணவுச் சுகாதாரச் சான்றிதழ் உள்ளவர்கள் இருவராவது தேவை. இன்றே பெயர் கொடுங்கள். இந்தத் தீர்மானத்தையும் அறிக்கையையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.
செயலாளர்