இருபதாவது மரபணு

அன்புள்ள ராமசாமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சொந்த உடம்பையே தாக்கும் மூட்டு நோயால் காலையில் விரல் மடங்கவே தங்கச்சிக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று படித்ததும் மனசு கனத்துவிட்டது. எல்லா செல்லிலும் ஒரே மரபணுக்கள் இருக்க, எந்த நோயெதிர்ப்புச் செல் சண்டை போடுவது, எது சும்மா இருப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். விலங்கியல் வாத்தியாரிடம் கேட்டால் விடுவேனா?

1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்து எலிகளில் சில ஆண் குட்டிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரிந்தது, மண்ணீரல் வீங்கியது, சில வாரங்களில் செத்தும் போயின. ஆண்களுக்கு மட்டும் வந்ததால் கோளாறு எக்ஸ் குரோமோசோமில் என்று புரிந்தது. நிறக்குருடுக்குச் சொல்வோமே, அதே கணக்கு. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் அந்த எலிகளின் சொந்த உறுப்புகளையே தாக்கிக்கொண்டிருந்தன என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அமெரிக்க ஆய்வாளர்கள் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் சுமார் 17 கோடி டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட அந்தக் குரோமோசோமில், தேட வேண்டிய இடத்தை 5 லட்சம் எழுத்துகளாகக் குறுக்கினார்கள். அதில் இருந்தவை 20 மரபணுக்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து வர, பழுது இருந்தது கடைசி மரபணுவில்! பூட்டுக்கு முன்னால் சாவிக்கொத்தோடு நிற்கும்போது நமக்கு நடப்பதுதான். 2001இல் வெளிவந்த அந்த மரபணுவின் பெயர் ஃபாக்ஸ்பி3.

சண்டையை அடக்கும் டி செல்கள் உண்டு என்று ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995லேயே காட்டியிருந்தார். அந்தச் செல்களை உருவாக்குவது ஃபாக்ஸ்பி3தான் என்பது 2003இல் தெளிவானது. இதன் புரதம் டி.என்.ஏ.வில் உட்கார்ந்து சில மரபணுக்களை எழுப்பும், சிலவற்றை உறங்க வைக்கும். டி செல் பெருக இன்டர்லூக்கின்-2 என்ற புரதம் வேண்டும். அடக்கும் செல்லில் அதைத் தயாரிக்கும் மரபணுவை ஃபாக்ஸ்பி3 மூடிவிடுகிறது. அதைப் பிடிக்கும் ஏற்பியையோ மேற்பரப்பில் ஏராளமாக வைக்கிறது. தான் சமைக்காமல் அடுத்தவன் பந்தியில் வழித்துச் சாப்பிடுகிற ஆள்! சண்டைக்காரச் செல்களுக்குச் சாப்பாடு குறைந்து, பெருக்கமும் குறைகிறது. வேறு வழிகளிலும் அடக்கும், ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான்.

மூன்று பேருக்கும் 2025இல் நோபல் கிடைத்தது. இந்தச் செல்களையே மருந்தாக்கும் முயற்சிகள் நடக்கின்றன. தங்கச்சிக்கு இப்போதைக்கு அதை நம்பி எதுவும் சொல்லிவிடாதே. அவளுடைய மெத்தோட்ரெக்ஸேட் மருந்து வாரத்துக்கு ஒரு நாள்தானே? தினமும் போட்டுவிடாமல் பார்த்துக்கொள், ஆபத்து. நாட்காட்டியில் வட்டம் போட்டு வை.

அப்புறம், தை பிறந்ததும் வருகிறேன். சுக்குக் காப்பி உன் கையால்தான்.

அன்புடன்,
சுந்தரம்